மணிமுத்தாறு சோதனைச்சாவடிக்கு அப்பால்

மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் பேரேட்டைத் திறந்துவைத்திருந்த வனத்துறை ஊழியர், என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கேட்டது இதைத்தான்: "மேல தங்கவா போறீய?" இல்லை, சாயங்காலத்துக்குள் இறங்கிவிடுவேன் என்ற பிறகுதான் பேனாவை எடுத்தார். பையைத் திறக்கச் சொல்லி பிளாஸ்டிக் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். இங்கிருந்து மேலே களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். 895 சதுர கிலோமீட்டர். 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம்.

நான் மலையேற வந்ததும் அந்தத் தங்கும் கேள்விக்காகத்தான். 2024 ஜூனில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை நின்றது. அதிலிருந்து நெல்லைச் சீமையில் கல்யாண வீட்டுப் பந்தியிலும் டீக்கடை பெஞ்சிலும் ஒரு பேச்சு அடிபடுகிறது. "எஸ்டேட்டுதான் மூடியாச்சே, அந்த பங்களாவையெல்லாம் நல்ல ஓட்டலா ஆக்கிட்டா என்ன? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எதுக்கு அலையணும்?" வெளிநாடு போய் வந்தவர்கள் சுவிட்சர்லாந்துக்கே போய்விடுகிறார்கள். ஆல்ப்ஸ் மலையில் ஒவ்வொரு சரிவிலும் ஓட்டல் இருக்கிறது, கம்பிவட ரயில் ஏறுகிறது, உலகமே பணத்தோடு வருகிறது. பொதிகை மட்டும் ஏன் சும்மா கிடக்கிறது என்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. பதிலை மலையில் தேடலாமென்று தை மாதக் கடைசியில், மழை ஓய்ந்து வானம் வெளுத்திருந்த ஒரு நாளில், அம்பாசமுத்திரத்திலிருந்து அரசுப் பேருந்தில் ஏறிக்கொண்டேன்.

பேருந்தில் சுற்றுலாக்காரன் என்று நான் ஒருவன்தான். மற்றவர்கள் அரிசிப் பையும் மளிகைச் சாமானுமாக வீடு திரும்புகிறவர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அறுபதை ஒட்டிய வயது. மாஞ்சோலைக்கும் மேலே உள்ள நாலுமுக்கு எஸ்டேட்டில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே வேலை இழந்தவர். "எங்க பாட்டன் தோளுல கம்பளியப் போட்டுக்கிட்டு நடந்தே ஏறினாராம் தம்பி. அப்ப ரோடு ஏது, பஸ் ஏது."

1958-இல், காமராஜர் காலத்தில் கட்டி முடித்த மணிமுத்தாறு அணையின் நீண்ட கரை ஜன்னலுக்குக் கீழே வந்துகொண்டே இருந்தது. பிறகு அருவி. அதைக் கடந்ததும் பாதை ஒரு வண்டி போகும் அளவுக்குச் சுருங்கிக் காட்டுக்குள் போகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் இந்தப் பாதை பல இடங்களில் அறுந்துபோனது. அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை ஊரே அறியும். அதே மழை இந்த மலையிலும் ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகள் பக்கம் கொட்டித் தீர்த்துதான் தாமிரபரணியில் இறங்கியது. சில வளைவுகளில் சரிந்த மண் இன்னும் சிவப்பாகத் தெரிகிறது. ஓட்டுநர் அங்கே மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு ஓட்டினார்.

காடு திடீரென விலகித் தேயிலை வந்தால் மாஞ்சோலை. கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல். இறங்கியதும் காது குளிர்ந்தது. தேயிலை என்றதும் இடுப்பளவு வெட்டிச் சீராக்கிய பச்சையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இப்போது திகைப்பார்கள். கவாத்து செய்ய ஆளில்லாத செடி ஆள் உயரத்துக்கும் மேல் போய் மரமாக நிற்கிறது. நடுவில் புதரும் கொடியும் ஏறிவிட்டன. தொழிற்சாலைக் கதவில் பூட்டு. கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தபால் நிலையத்துப் பலகையின் சிவப்பு இன்னும் வெளிறவில்லை.

மேட்டில் துரை பங்களா. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். நீளமான வராந்தா, புகைபோக்கி வைத்த கூரை, முன்னால் புல்வெளி, விளிம்பில் யாரோ எப்போதோ நட்ட பூச்செடிகள். உள்ளே கணப்பு அடுப்பு இருக்கும். இரவில் அதற்கு விறகு போட ஓர் ஆள், காலையில் வெந்நீர் வைக்க ஓர் ஆள், சமைக்க ஓர் ஆள் இருந்திருப்பார்கள். சொகுசு ஓட்டலுக்கு வேண்டியது எல்லாமே இந்தக் கட்டடத்தில் உண்டு. ஓட்டல் கனவு காண்கிறவர்கள் இதைத்தான் படம் எடுத்துப் பகிர்கிறார்கள். அதே மேட்டின் கீழே லயன் வீடுகள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை. ஒரு குடும்பத்துக்கு ஒரு முன்னறையும் ஓர் அடுப்படியும். அவற்றை யாரும் படம் எடுப்பதில்லை.

இந்த பங்களா இங்கே வந்த கதை தெரிந்தால்தான் அடுத்ததைப் பேச முடியும். மலை சிங்கம்பட்டி ஜமீனுடையது. 1929-இல் 8,373.57 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் எடுத்தது. 1919-இல் சென்னையில் நியூயிங்டன் விடுதி முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் ஜமீன் வாரிசும் சிக்கியதால் ஏறிய கடனை அடைக்கவே மலை குத்தகைக்குப் போனது என்று அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். குத்தகைக்கு எடுத்த கம்பெனியும் சாதாரணமானதல்ல. 1863-இல் தொடங்கியது; பர்மாவின் தேக்கை வெட்டி வளர்ந்தது. வெட்டிய மரத்துக்குக் கணக்குக் குறைத்தது என்று மன்னர் தீபா அதற்கு அபராதம் விதித்ததைக் காரணமாக்கித்தான் 1885-இல் பிரிட்டிஷ் படை மாண்டலே வரை போய் அவரை ரத்தினகிரிக்கு நாடுகடத்தியது. ஒரு நாட்டின் அரசை மாற்றிய கம்பெனி, நாற்பத்து நான்கு வருடம் கழித்து நம் ஊர் மலைக்கு வந்தது.

1952-இல் ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்கு வந்தது; குத்தகை மட்டும் தொடர்ந்தது. 2018-இல் அரசு இதைக் காப்புக்காடாக அறிவித்தது. 2028-இல் குத்தகை முடிய வேண்டும். அதற்கு முன்பே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலையை முடித்துக்கொண்டார்கள். எங்களை இங்கேயே விடுங்கள், தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2024 டிசம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை ஏற்கவில்லை. மறுவாழ்வுக்கு வழிசெய்ய மட்டும் சொன்னது.

இங்கே இன்னொரு தேதியையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1999 ஜூலை 23. இந்த மலையின் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும் சிறையில் இருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் கூட்டம் கொக்கிரகுளத்தில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டது. 17 பேர் செத்தார்கள். அதில் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அவர்கள் மூழ்கிய தண்ணீர் இதே மலையிலிருந்து இறங்கிய தண்ணீர். மாஞ்சோலையில் அறை எடுத்துத் தங்கும் ஆசையைப் பற்றி யார் பேசினாலும் இதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்பது என் கருத்து.

மாஞ்சோலையிலிருந்து மேலே காக்காச்சி. இங்கே துரைமார் கோல்ஃப் ஆடிய புல்வெளி ஒன்று இருக்கிறது. இன்றும் கண்ணுக்கு அழகுதான். அதன் ஓரத்திலிருந்து சோலைக்காடு தொடங்குகிறது. உள்ளே நாலடி வைத்தாலே வெளிச்சம் மாறிவிடுகிறது. வெடிப்பலா மரங்களின் கிளைகளிலேயே முள்காய்கள். சோலைமந்திகளுக்கு அதுதான் முக்கியச் சாப்பாடு. அன்று ஒரு கூட்டம் தலைக்கு மேலேயே இருந்தது: கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, வால் நுனியில் சிறு குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு, தன் பாட்டுக்குக் காயைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. தூரத்தில் இருவாச்சியின் சிறகோசை கேட்டது. பறவை தெரியவில்லை. அட்டை இரண்டு செருப்புக்குள் ஏறிவிட்டன. கூட வந்த வனக்காவலர் உப்புத் துணியை நீட்டினார்.

அவரிடம் ஓட்டல் பேச்சை எடுத்தேன். "ஒரு ஓட்டல்னா முதல்ல ரோட்ட அகலமாக்கணும்பான். அப்புறம் ராத்திரி வண்டி. லைட்டு. குப்பை. குப்பைக்குப் பன்னி வரும், பன்னிக்குச் சிறுத்தை வரும். அப்ப யாரைக் குத்தம் சொல்லுவீய, சார்?" காட்டைச் சம்பளத்துக்காகக் காக்கிறவரின் பேச்சாக அது எனக்குப் படவில்லை.

நாலுமுக்கில் அக்கா மறுபடி எதிர்ப்பட்டார். "குதிரைவெட்டி பாத்துட்டு வாரும், சாயங்காலப் பஸ்சுலதான் நானும் இறங்குதேன், மக வீட்டுக்கு" என்றார். ஊத்தில் பாதி வீடுகளில் பூட்டு. கூரை ஓட்டைக் கழற்றிக்கொண்டு போன வீடுகளும் உண்டு. பூட்டாத வீடுகளில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கிறது. இத்தனை உயரத்தில், இத்தனை குளிரில், ஆள் குறைந்த தெருவில் அந்தக் கோலங்களைப் பார்க்கையில் எனக்குத் தொண்டை அடைத்தது.

குதிரைவெட்டியில் வனத்துறையின் ஓய்வு விடுதியும் ஒரு காட்சிமுனையும் இருக்கின்றன. மலையில் தங்க உள்ள இடம் என்றால் அந்தச் சின்ன விடுதிதான். நான் போன அன்று அது பூட்டியிருந்தது. காட்சிமுனையில் ஏறி நின்றால் மணிமுத்தாறு, சேர்வலாறு, காரையாறு என்று அணைகளின் நீர்ப்பரப்புகள் கீழே தெரிகின்றன. அவற்றுக்கு அப்பால் வயல்களின் பச்சை, அதற்கும் அப்பால் தென்னங்கோடுகளுக்கிடையே ஆறு. தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர்தான். பிறப்பதும் புன்னைக்காயலில் கடலில் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. கோடைமேலழகியான் தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசியைத் தவிர மற்றவை வெள்ளைக்காரனுக்கு முன்பே நம்மவர்கள் கட்டியவை. அத்தனையும் இந்தச் சரிவை நம்பியே இருக்கின்றன.

ஆல்ப்ஸோடு நம் மலையை ஒப்பிடுகிறவர்கள் தவறவிடுவது இங்கேதான் இருக்கிறது என்று அந்த முனையில் நின்றபோது தோன்றியது. ஆல்ப்ஸில் தண்ணீரைச் சேர்த்துவைப்பது பனி. குளிர்காலத்தில் உறைந்து கிடந்து, கோடையில் உருகி ரைன், ரோன் ஆறுகளுக்கு இறங்கும். அங்கே மரக்கோடு முடிந்த பிறகும் மலை ஆயிரக்கணக்கான மீட்டர் மேலே போகிறது. நம் பொதிகையின் உச்சியே 1,868 மீட்டர். இங்கே பனி கிடையாது, பனிப்பாறை கிடையாது. தென்மேற்கிலும் வடகிழக்கிலும் வரும் மழையைப் பஞ்சுபோல் வாங்கி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களில் கசியவிடுவது சோலையும் அதன் மக்கு மண்ணும் மலையுச்சிப் புல்லும்தான். சித்திரையிலும் ஆற்றில் தண்ணீர் ஓடக் காரணம் அது. அந்த மண்ணைச் சமப்படுத்திக் கட்டடமும் கார் நிறுத்துமிடமும் போட்டால் போனது திரும்பாது. தேயிலைக்காக அந்தக் காட்டை ஏற்கெனவே ஒருமுறை வெட்டிவிட்டோம் என்பதும் உண்மை. இன்னொரு முறை வேண்டாம்.

ஆனால் ஆல்ப்ஸிலிருந்து கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நம் ஓட்டல் கனவுக்காரர்கள் பேசுவதே இல்லை.

சுவிட்சர்லாந்தின் செர்மாட், மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். இருநூறு வருடத்துக்கு முன் மாடு மேய்த்தும் ரை தானியம் விதைத்தும் பிழைத்த ஏழைக் கிராமம். 1850களில் அலெக்சாண்டர் சைலர் என்ற வெளியூர்க்காரர் வந்து விடுதி நடத்தத் தொடங்கினார். 1865 ஜூலை 14-இல் எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயரின் குழு முதன்முதலாகச் சிகரத்தில் ஏறியது. இறங்கும்போது நான்கு பேர் விழுந்து செத்தார்கள். அந்தச் செய்தி ஐரோப்பா முழுக்கப் பரவி, கூட்டம் குவிந்தது. சைலர் பெரிய முதலாளி ஆனார். ஊர்க்காரர்கள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஊரின் பூர்வகுடிகள் சபை, தன் ஆட்களின் உழைப்பைப் போட்டு, 1879-இல் தானே ஒரு பெரிய ஓட்டலைக் கட்டியது. செர்மாட்டர்ஹோஃப் என்று பெயர். இன்று ஐந்து நட்சத்திர ஓட்டல். இன்றைக்கும் அது ஊர்ச்சபையின் சொத்துதான். மலைமேல் உள்ள வேறு சில விடுதிகளும் உணவகங்களும்கூட அந்தச் சபையுடையவை. அங்கே பெட்ரோல் கார் ஊருக்குள் நுழைய முடியாது; அடுத்த ஊரிலேயே நிறுத்திவிட்டு பெரும்பாலும் ரயிலில்தான் போக வேண்டும். நம் மணிமுத்தாறு சோதனைச்சாவடியைக் குறை சொல்கிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ளலாம்.

ஆக, ஆல்ப்ஸ் ஓட்டலின் சொகுசுக்குப் பின்னால் நிலம் யாருடையது, லாபம் எந்த வீட்டுக்குப் போகிறது என்ற கேள்விக்கு ஊர் சொன்ன பதில் இருக்கிறது. மாஞ்சோலையில் அந்தக் கேள்வியையே யாரும் கேட்கவில்லை. துரை போனார், கம்பெனி போகிறது. அடுத்து ஓர் ஓட்டல் குழுமம் வந்தால், நான்கு தலைமுறையாக இங்கே பிறந்தவர்கள் அதன் வாசலில் சீருடை போட்டு நிற்பார்கள். அந்த வேலையும் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மலையில் போய்த் தங்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய், ஆற்றங்கரையில் குடில் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, நாள் கணக்கில் தங்கிய குடும்பங்கள் நெல்லைச் சீமை முழுக்க உண்டு. வனத்துறை இப்போது நாட்களைக் குறைத்திருக்கிறது, வழக்கம் நிற்கவில்லை. சாரல் காலத்தில் குற்றாலம் போகிறோம். அங்கே திருவிதாங்கூர் மகாராஜா கட்டிய அரண்மனை இருக்கிறது. 1956-இல் மாநில எல்லை மாறி செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் அந்த அரண்மனை கேரள அரசின் கையில்தான் இருக்கிறது. மகாராஜாவும் தங்கியது அருவி விழும் அடிவாரத்தில். குற்றாலத்துக் குளிர்ச்சி மலையிலிருந்து இறங்கிவரும் காற்றிலும் நீரிலும் இருக்கிறது. அதை அனுபவிக்க உச்சிக்கு ஏறி வீடு கட்ட வேண்டியதில்லை. மலை உச்சியில் வீடு கட்டி ஓய்வெடுக்கும் ஆசை ஆங்கிலேயர் கொண்டுவந்தது. நம் திருநெல்வேலி மிஷன்காரர்களும் வெயிலுக்குப் பயந்து கொடைக்கானல் போனார்கள். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1891-இல் இறந்தது கொடைக்கானலில். இன்றைக்கு அந்தக் கொடைக்கானலும் ஊட்டியும் கோடையில் வாகனங்களுக்கு இ-பாஸ் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டன. நெல்லைக்கு அந்த வழி வேண்டாம்.

சாயங்காலப் பேருந்தில் அக்கா சொன்னபடி ஏறினார். மகள் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாடகைக்கு இருக்கிறார். அவரும் எஸ்டேட்டில் பிறந்தவர்தான். அப்பளக் கம்பெனி ஒன்றில் வேலை. "காடு எனக்கு அத்துப்படி தம்பி. எந்த மரத்துல எப்பக் காய், மிளா எந்த ஓடையில தண்ணி குடிக்கும், மழை வருதுன்னா எந்தப் பக்கத்து மேகத்தப் பாக்கணும், எல்லாம் தெரியும். கீழ வந்தா அது எதுக்கு ஆகும்?"

கீழேயும் ஆகும் என்பதுதான் நான் அவரிடம் சொன்னது. இங்கேயும் அதையே சொல்கிறேன். மலை காடாகட்டும். அது ஆற்றுக்கு நல்லது. அதற்கு விலையாகக் கீழே இறக்கப்பட்டவர்களுக்கு மணிமுத்தாற்றிலும் கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் சொந்த வீடும், அதில் விருந்தினருக்கென்று ஒரு நல்ல அறையும் கட்டித்தர வேண்டும். பகலில் மலைக்கு அனுமதிச் சீட்டோடு போகும் பயணிக்கு வழிகாட்டியாக, அவர்களையும் காரையாற்றுக் காணிப் பழங்குடி மக்களையும் மட்டுமே வனத்துறை நியமிக்க வேண்டும். செர்மாட்டில் உள்ளதுபோல ஒரு சபை, வருமானம் அந்தச் சபைக்கு. இது புதுச் சிந்தனைகூட இல்லை: 1990களில் உலக வங்கி உதவியோடு இதே புலிகள் காப்பகத்தின் அடிவாரக் கிராமங்களில் குழு அமைத்து, கடன் கொடுத்து, விறகுக்குக் காட்டை நம்பியிருந்தவர்களை வேறு தொழிலுக்குத் திருப்பிய அனுபவம் நம் வனத்துறைக்கே இருக்கிறது. வீட்டு அறைகளைப் பயணிகளுக்குப் பதிவு செய்யும் திட்டம் சுற்றுலாத் துறையிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைக்க ஓர் ஆணை போதும்.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரூமுக்கு என்ன வாங்கலாம்?" என்று கேட்டார். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் வாங்குகிற வாடகையைச் சொன்னேன். "அவ்வளவா?" என்று வாயில் கை வைத்தார். பிறகு, சாப்பாடு தனியா, சேர்த்தா, கக்கூஸ் உள்ளேயே வேண்டுமா, வெந்நீர்க் கருவி என்ன விலை, லோன் எந்த பேங்கில் கேட்பது என்று அடுக்கிக்கொண்டே வந்தார். அணைக்கரை வரும்வரை அவர் கேட்டதற்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.